டிக்கெட் காசு யாருடையது?

மாட்டுத்தாவணியிலோ ஆரப்பாளையத்திலோ பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போது சுவர்களையும் மின்கம்பங்களையும் கொஞ்சம் வாசித்துப் பாருங்கள். மூலம், பவுத்திரம், கிட்னி கல் நோட்டீஸ்களுக்கு நடுவே வெளிநாட்டு வேலைக்கான நோட்டீஸ் ஒன்றாவது இருக்கும். மலேசியா, சிங்கப்பூர், துபாய், இப்போது புதிதாக போலந்து, ருமேனியா. நாடுகள் மாறும். வேலையின் பெயர் பெரும்பாலும் ஒன்றுதான்: பேக்கிங். படிப்பு வேண்டாம், அனுபவம் வேண்டாம், தங்குமிடம் இலவசம், ஓவர்டைம் உண்டு. கீழே இரண்டு செல்போன் எண்கள். அவ்வளவுதான் விளம்பரம்.

உலகத்தில் எத்தனையோ வேலை இருக்கும்போது ஏன் பேக்கிங்? நானும் இதைக் கொஞ்ச காலம் யோசித்திருக்கிறேன். மதுரையைச் சுற்றியுள்ள சமவெளி பெரும்பாலும் மானாவாரி பூமி. 1895-ல் முல்லைப்பெரியாற்றுத் தண்ணீர் வந்தபிறகு மேலூர்ப் பக்கம் பசுமையானது. உசிலம்பட்டி, திருமங்கலம் பக்கத்து ஊர்கள் பலவும் மழையை நம்பியே கிடந்தன. இந்த மண்ணில் வேலையைத் தரம் பிரிக்கிற அளவுகோல் சம்பளம் மட்டுமல்ல. வெயில் வேலையா, நிழல் வேலையா என்பதுதான் முதல் கேள்வி. "உக்காந்த எடத்துல வேலை தம்பி, ஏசி ஹால், அட்டைப்பெட்டியில எடுத்து அடுக்கணும், ஒட்டணும், அம்புட்டுதான்" என்று ஏஜென்ட் சொல்லும்போது அவர் விற்பது வேலையை அல்ல, நிழலை. கருவேல மரத்தைத் தவிர வேறு நிழல் பார்க்காத ஒருவனுக்கு அந்தச் சொல் போதும்.

போய்ச் சேர்ந்த இடத்தில் பேக்கிங் என்பது சில நேரம் நிஜமாகவே பேக்கிங்தான். 12 மணி நேரம் நின்றபடி பெட்டி அடுக்குவது. சில நேரம் அது மூட்டை தூக்குவதாக, உலைக்குப் பக்கத்தில் நிற்பதாக, பண்ணையில் புல் வெட்டுவதாக மாறிவிடும். இந்த ஏமாற்றுக் கதைகள் நமக்குப் பழக்கமானவை. செய்தித்தாளில் படித்து, த்சொ கொட்டிவிட்டு, அடுத்த பக்கம் போய்விடுவோம். ஆனால் அந்தக் கதைகளுக்கு அடியில் வேறொரு கேள்வி இருக்கிறது. அதை நாம் கேட்பதே இல்லை. அவன் போன டிக்கெட்டுக்கு யார் காசு கொடுத்தார்கள்?

இந்த ஒற்றைக் கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டு மதுரையிலிருந்து கடல் தாண்டிப் போனவர்களின் 190 வருஷ வரலாற்றைப் படித்தால் எதிர்பாராத ஒன்று தட்டுப்படுகிறது. நம் பாட்டன்மார்களுக்கு ஒரு காலகட்டத்தில் கிடைத்த ஒரு பாதுகாப்பு, பேரன்களுக்கு இன்று கிடையாது.

கழுத்தில் தகரம்

1830-களுக்குப் பிறகு இலங்கையின் கண்டிச் சீமையில் காப்பித் தோட்டங்கள் பெருகின. ஆள் வேண்டும். மதுரை, இராமநாதபுரம், புதுக்கோட்டை, திருச்சி, சேலம் பக்கத்திலிருந்து ஆட்கள் நடந்தார்கள். நடந்தார்கள் என்றால் நிஜமாகவே நடைதான். வறண்ட பூமியைத் தாண்டிக் கடற்கரை, அங்கிருந்து தோணியில் மன்னார்ப் பக்கம், பிறகு காட்டு வழியாக மாத்தளை வரை. வழியில் காலராவும் மலேரியாவும் பலரைக் கொண்டுபோயின. அறுவடை முடிந்ததும் பலர் திரும்பி வந்தார்கள். காப்பி நோயில் அழிந்து தேயிலை வந்தபிறகு நிலைமை மாறியது. தேயிலைக்கு ஆண்டு முழுவதும் ஆள் வேண்டும். 1876 முதல் 1878 வரை தாது வருஷப் பஞ்சம் தென்மாவட்டங்களைச் சுரண்டி எடுத்திருந்தது. போனவர்களில் கணிசமானோர் நிலமற்ற பள்ளர், பறையர் சாதியினர். போவதற்கு அவர்களிடம் காரணம் இருந்தது. காசு இல்லை.

அந்த இடத்தில்தான் கங்காணி வருகிறார். கங்காணி வெளியூர் ஆள் அல்ல. சொந்த ஊர்க்காரர், பல நேரம் மாமன் மச்சான் முறை. தேயிலைத் தூருக்கு அடியில் தேங்காயும் மாசியும் கிடைக்கும் என்று அவர்கள் சொல்லி அழைத்ததாக மலையகத்தில் இன்றும் ஒரு பேச்சு உண்டு. தோட்டத்துரை கங்காணியிடம் முன்பணம் கொடுப்பார். கங்காணி அதிலிருந்து ஊரில் இருக்கும் பழைய கடனை அடைப்பார், வழிச்செலவுக்குக் கொடுப்பார், ஒரு சேலை வேட்டி எடுத்துக் கொடுப்பார். எல்லாமே கணக்கில் ஏறும். கணக்குப் புத்தகம் கங்காணியிடம். கூலிக்காரருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆக, டிக்கெட் காசை முதலில் போட்டது முதலாளி. கடைசியில் அடைத்தது தொழிலாளி.

இந்தக் கடனுக்கு ஒரு காகிதம் இருந்தது. அதன் பெயரே 'துண்டு'. ஒரு கங்காணியின் கூட்டம் தோட்டம் மாற விரும்பினால், பழைய துரை ஒரு துண்டு எழுதிக் கொடுப்பார்: இவ்வளவு ரூபாய் கடன் இருக்கிறது, அதை யார் கட்டுகிறாரோ அவர் இந்தக் கூட்டத்தை எடுத்துக்கொள்ளலாம். புது துரை கட்டுவார், கூட்டம் கைமாறும், கடன் அப்படியே கூட வரும். 1921-ல் இலங்கை அரசு சட்டம் போட்டுத் துண்டை ஒழித்தது.

அதற்கு முன்பே இன்னொரு ஏற்பாடு வந்திருந்தது. 1904-ல் இலங்கைத் தோட்ட முதலாளிகளின் தொழிலாளர் ஆணையம் திருச்சியில் தலைமை அலுவலகம் திறந்து, மாவட்டங்களில் கிளைகளை வைத்துக்கொண்டது. 1900-களின் தொடக்கத்தில் வந்த முறைக்குத் தகரச் சீட்டு முறை என்று பெயர். ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு சின்ன உலோக வில்லை. அதில் அவர் போகவேண்டிய தோட்டத்தின் எண்ணும் அவருடைய எண்ணும் இருக்கும். வழியில் யாரும் எதுவும் கேட்க வேண்டாம். வில்லையைப் பார்த்து ரயிலில் ஏற்றுவார்கள், கப்பலில் ஏற்றுவார்கள், செலவைத் தோட்டத்தின் கணக்கில் எழுதுவார்கள். இன்றைக்கு நாம் பார்சலில் ஒட்டும் பார்கோடு செய்வது இதே வேலையைத்தான். பேக்கிங் வேலைக்கு ஆள் அனுப்புவதற்கு ஒரு நூற்றாண்டு முன்பே ஆட்களையே பேக் செய்து முகவரி ஒட்டி அனுப்பியிருக்கிறார்கள்.

1902-ல் மதுரையிலிருந்து மண்டபம் வரை ரயில் வந்தது. 1914-ல் பாம்பன் பாலம் திறந்தபிறகு தனுஷ்கோடி, அங்கிருந்து கப்பலில் தலைமன்னார் என்று பாதை முழுமையானது. தூத்துக்குடி அருகே தட்டப்பாறையில் இருந்த முகாம் மண்டபத்துக்கு மாறியது. இந்திய மண்ணில், இலங்கை அரசு நடத்திய முகாம் அது. ஐந்தாறு நாள் அடைத்துவைத்து, துணிகளை ஆவியில் அவித்து, அம்மை குத்தி, கொக்கிப்புழுவுக்கு மருந்து கொடுத்து அனுப்புவார்கள். 1910 வரை அந்தப் பகுதி மதுரை மாவட்டத்தில்தான் இருந்தது. அந்த வருஷம்தான் மதுரை, திருநெல்வேலி மாவட்டங்களைப் பிரித்து இராமநாதபுரம் மாவட்டத்தை உருவாக்கினார்கள்.

கடனில்லாமல் இறங்கியவர்கள்

இலங்கைக் கதை இப்படி. மலேயாக் கதையில்தான் நான் சொன்ன எதிர்பாராத விஷயம் இருக்கிறது.

மலேயாவுக்கு முதலில் ஒப்பந்தக் கூலிகளாகவும் பிறகு கங்காணிகள் மூலமும் ஆட்கள் போனார்கள். நாகப்பட்டினத்திலிருந்து கப்பல், பினாங்கில் இறக்கம். 1900-களில் ரப்பர் விலை ஏறியது, தோட்டங்கள் வேகமாகப் பெருகின. அப்போது முதலாளிகளுக்கு ஒரு பிரச்சினை. ஒரு தோட்டம் தன் செலவில் நூறு பேரைக் கூட்டி வருகிறது. பக்கத்துத் தோட்டம் ஒரு காசும் செலவழிக்காமல், இரண்டு சென்ட் கூடுதலாகக் கொடுத்து அந்த நூறு பேரில் முப்பது பேரை இழுத்துக்கொள்கிறது. அப்படியானால் யார் செலவழித்து ஆள் கொண்டுவருவார்கள்?

1907-ல் அதற்கு ஒரு தீர்வு கண்டுபிடித்தார்கள். தமிழர் குடியேற்ற நிதி என்று பொது நிதி ஒன்று. தமிழ்த் தொழிலாளர்களை வேலைக்கு வைக்கும் எல்லா முதலாளிகளும், தங்களிடம் எத்தனை பேர் எத்தனை நாள் வேலை செய்தார்கள் என்ற கணக்குப்படி, அந்த நிதிக்குக் கட்டாயமாகப் பணம் கட்ட வேண்டும். நீ ஆள் கொண்டுவந்தாயா இல்லையா என்பது கேள்வியே இல்லை. அந்த நிதியிலிருந்து வருகிறவர்களின் ரயில் செலவு, முகாம் செலவு, கப்பல் டிக்கெட் எல்லாம் கொடுக்கப்படும். தொழிலாளி பினாங்கில் இறங்கும்போது பயணக் கடன் எதுவும் அவர் தலையில் இருக்காது. ஒரு மாத நோட்டீஸ் கொடுத்துவிட்டு வேறு தோட்டத்துக்குப் போகலாம். 1910-ல் மலேயாவுக்கு ஒப்பந்தக் கூலி முறை முடிவுக்கு வந்தது. 1922-ல் இந்தியக் குடிபெயர்வுச் சட்டம் வந்தது. அதன்பிறகு இந்திய அரசின் ஏஜென்ட் ஒருவர் கோலாலம்பூரில் உட்கார்ந்து தோட்டங்களைப் பார்வையிட்டு அறிக்கை எழுதினார்.

இதைப் படித்துவிட்டு வெள்ளைக்கார துரைகள் நல்லவர்கள் என்ற முடிவுக்கு வந்துவிடக் கூடாது. அந்த நிதி கருணையில் பிறந்ததல்ல. ஆள் வரத்து நிற்காமல் இருந்தால் கூலி ஏறாது. அதுதான் கணக்கு. கூலியையும் முதலாளிகள் சேர்ந்தேதான் முடிவு செய்தார்கள். 1920-களின் இறுதியில் ஆணுக்கு நாளொன்றுக்கு 50 சென்ட், பெண்ணுக்கு 40 சென்ட். 1930-ல் உலகப் பொருளாதார மந்தம் வந்ததும் அதை 40, 32 ஆக்கினார்கள். பிறகு 28, 24 வரைக்கும் இறக்கினார்கள். ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்களை மூன்றே ஆண்டுகளில் ஊருக்குத் திருப்பி அனுப்பினார்கள். கங்காணிக்கு வேலைக்கு வந்த தலை ஒன்றுக்கு இவ்வளவு என்று 'தலைக்காசு' கிடைத்தது. அதனால் காய்ச்சலில் கிடப்பவரையும் எழுப்பி வேலைக்கு விரட்டினார். சுதந்திரம் இல்லை, பள்ளிக்கூடம் பேருக்கு, கள்ளுக்கடை மட்டும் தவறாமல் உண்டு. இதெல்லாம் உண்மை.

ஆனாலும் அந்த ஒரு விதி, அதாவது ஆள் தேவைப்படுகிறவன்தான் ஆளைக் கொண்டுவரும் செலவை ஏற்க வேண்டும் என்பது, சட்டமாக இருந்தது. 30 வருஷம் நடந்தது. அதைச் செய்ய முடியும் என்பதற்கு அது சாட்சி.

1936 டிசம்பரில் வி.எஸ். சீனிவாச சாஸ்திரி மலேயா போய்ப் பார்த்து 1937-ல் அறிக்கை கொடுத்தார். கங்காணி மூலம் ஆள் பிடிப்பதை நிறுத்த வேண்டும் என்பது அவருடைய பரிந்துரைகளில் ஒன்று. கூலி மறுபடி 50 சென்ட் ஆனது. அடுத்த ஆண்டே ரப்பர் விலையைக் காட்டி 45 ஆக்கினார்கள். இந்திய அரசு பொறுக்கவில்லை. 1938 ஜூன் 15 முதல் செலவு கொடுத்து அழைத்துப்போகும் குடிபெயர்வைத் தடை செய்தது. 1939 ஆகஸ்ட் 1 முதல் இலங்கைக்கும் கதவு சாத்தப்பட்டது.

தேசிய இயக்கத்துக்கு அது வெற்றி, நியாயமான வெற்றிதான். ஆனால் கதவு சாத்தியபோது அதற்குள் இருந்த அந்த ஒரு விதியும் சேர்ந்து போய்விட்டது. அதைத் தனியாக எடுத்துப் பத்திரப்படுத்த யாருக்கும் தோன்றவில்லை.

சைக்கிள்

அங்கேயே இருந்துவிட்டவர்கள் என்ன ஆனார்கள் என்பதற்கு ஒரு சம்பவம் மட்டும் சொல்கிறேன். 1941-ல் கிள்ளான் வட்டாரத்துத் தோட்டங்களில் தமிழர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். ஆர்.எச். நாதன் தலைமை. சீனத் தொழிலாளிக்குச் சமமான கூலி வேண்டும், கள்ளுக்கடையை மூட வேண்டும் என்ற கோரிக்கைகளோடு இன்னொன்றும் இருந்தது. துரைக்கு எதிரே வரும்போது சைக்கிளிலிருந்து இறங்காமல் ஓட்டிச் செல்லும் உரிமை. அரசாங்கம் நாதனைக் கைது செய்து நாடுகடத்தியது. பட்டாளம் வந்து சுட்டதில் தொழிலாளிகள் இறந்தார்கள். கிள்ளான் என்ற பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். 80 வருஷம் கழித்து அதே ஊருக்குத் திரும்பி வருவோம்.

நம் இலக்கியத்தில் இந்தக் கடல் பயணத்துக்குப் பெரிய நாவல் ஒன்று உண்டு. ப. சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி'. சிங்கம்புணரிக்காரர், மேடானில் வேலை பார்த்தவர், பிறகு மதுரையில் தினத்தந்தியில் இருந்தவர். அவர் எழுதியது வட்டிக்கடைப் பெட்டியடிப் பையன்களின், வணிகர்களின், போர்க்கால சாகசக்காரர்களின் உலகம். அதே கடலில் அடித்தட்டில் போனவர்கள் எழுதவில்லை. அதனால்தானோ என்னவோ, அவர்களின் டிக்கெட் பற்றி நமக்கு யோசனையே வருவதில்லை.

உரிமமும் உச்சவரம்பும்

1970-களில் வளைகுடா திறந்தது. கட்டுமானத்துக்கு ஆள் வேண்டும். தமிழ்நாடு அரசே 1978-ல் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் ஒன்றைத் தொடங்கியது. ஆனால் பெரும்பகுதி ஆட்களை அனுப்பியது தனியார் ஏஜென்ட்டுகள். 1983-ல் புதிய குடிபெயர்வுச் சட்டம் வந்தது. 1922-ன் சட்டத்துக்குப் பதிலாக வந்த இந்தச் சட்டம் ஏஜென்ட்டுக்கு உரிமம் கொடுத்தது. கூடவே, தொழிலாளியிடமிருந்து சேவைக் கட்டணம் வாங்கிக்கொள்ளவும் அனுமதித்தது. இப்போது அந்த உச்சவரம்பு 30,000 ரூபாய், வரி தனி.

இந்த இடத்தை நிதானமாகப் படிக்க வேண்டும். தொழிலாளியிடம் காசு வாங்கலாம் என்பதை அரசு ஒப்புக்கொண்டுவிட்டது. எவ்வளவு என்பதுதான் பாக்கி. எவ்வளவு என்று கேட்கத் தொடங்கிவிட்டால் அதற்கு முடிவே இல்லை. மதுரைப் பக்கத்து ஊர்களில் மலேசிய ஃபேக்டரி வேலைக்கு யாரும் 30,000 என்று சொல்லி நான் கேட்டதில்லை. ஒரு லட்சம், ஒன்றரை லட்சம் என்றுதான் பேச்சு. 1997-ல் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு தன் 181-ஆவது உடன்படிக்கையில், தனியார் வேலைவாய்ப்பு முகமைகள் தொழிலாளியிடம் கட்டணம் வாங்கக் கூடாது என்று எழுதியது. இந்தியா அதை ஏற்கவில்லை.

நான் மென்பொருள் துறையில் இருப்பவன். முதன்முதலாக ஆன்சைட் போனபோது விசா, டிக்கெட், முதல் இரண்டு வார ஹோட்டல் எல்லாம் கம்பெனி கணக்கு. ஏர்போர்ட் டாக்ஸி ரசீதைக்கூடக் கொடுத்துக் காசு வாங்கிக்கொண்டேன். எங்கள் துறையில் அது சலுகைகூட இல்லை, வழக்கம். நீ எனக்கு வேண்டும், அதனால் உன்னை வரவழைக்கும் செலவு என்னுடையது. இன்னொரு முறை திருச்சியிலிருந்து கோலாலம்பூர் விமானத்தில் பக்கத்து இருக்கைத் தம்பி தன் பாஸ்போர்ட்டையும் ஒரு பிளாஸ்டிக் கவரையும் மடியில் வைத்துக்கொண்டு, "அண்ணே, இந்த ஃபாரத்தக் கொஞ்சம் ரொப்பித் தர்றீங்களா" என்றான். எழுதும்போது கேட்டேன், என்ன வேலை? "பேக்கிங்ண்ணே." எவ்வளவு கட்டினாய்? அம்மாவின் நகையும் அக்கா வீட்டுக்காரர் வாங்கிக் கொடுத்த வட்டிக்காசும் சேர்த்து ஒரு தொகை சொன்னான். அதே விமானம், அதே அளவு சீட். எனக்கு அது இலவசம். என் சம்பளத்தில் பத்தில் ஒரு பங்குகூட வாங்கப் போகாதவன் அதற்குப் பல மடங்கு கொடுத்திருந்தான்.

பாஸ்போர்ட்டிலும் ஒரு கோடு இருக்கிறது. பத்தாம் வகுப்பு தேறாதவர்களின் பாஸ்போர்ட்டில் குடிபெயர்வு அனுமதி தேவை என்று முத்திரை உண்டு. மலேசியா உள்ளிட்ட 18 நாடுகளுக்கு அவர்கள் வேலைக்குப் போக, குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகத்தின் அனுமதி வேண்டும். பாதுகாப்புக்காக வந்த விதி. ஆனால் அனுமதிக்கு முறையான ஒப்பந்தம் காட்ட வேண்டும். அது இல்லாத ஏஜென்ட் என்ன செய்வார்? "டூரிஸ்ட் விசால போயிரு தம்பி, அங்க போயி மாத்திக்கிடலாம்." விதி யாரைக் காப்பாற்ற வந்ததோ அவன்தான் முதலில் அதற்கு வெளியே தள்ளப்படுகிறான்.

ஒரு கணக்கு

எங்கள் ஆட்களுக்கு எதையும் எக்செல் ஷீட்டில் போட்டுப் பார்த்தால்தான் புரியும். ஓர் உதாரணக் கணக்கு போடுவோம். 2022 மே மாதம் மலேசியாவில் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,500 ரிங்கிட் ஆனது. அன்றைய மதிப்பில் ஏறக்குறைய 27,000 ரூபாய். சாப்பாட்டுக்கு 7,000, போன் மற்றதுக்கு 1,000 போனால் ஊருக்கு 19,000 அனுப்பலாம். வீட்டுச் செலவுக்கு 8,000. கடனுக்கு மிச்சம் 11,000. கடன் ஒன்றரை லட்சம், மூணு வட்டி. மூணு வட்டி என்றால் நூற்றுக்கு மாதம் மூன்று ரூபாய், நம் பக்கத்தில் இது மிதமான வட்டி.

முதல் மாத வட்டி மட்டும் 4,500. இப்படியே ஒழுங்காகக் கட்டினால் கடன் அடைய 18 மாதம் ஆகும். ஒப்பந்தம் பொதுவாக 2 வருஷம். ஆக, அவன் தனக்கென்று சம்பாதிப்பது கடைசி 6 மாதம்.

இப்போது ஒரே ஒரு எண்ணை மாற்றுவோம். தங்குமிடம், லெவி என்று ஏதோ ஒரு பெயரில் மாதம் 300 ரிங்கிட் பிடித்தம். கடனுக்கு மிச்சம் 5,600. அதில் வட்டி போக அசலுக்கு முதல் மாதம் 1,100 ரூபாய்தான் போகும். கடன் அடைய 55 மாதம். 300 ரிங்கிட்டில் ஒன்றரை வருஷம் நாலரை வருஷமாகிவிட்டது. ஒரு மாதம் காய்ச்சல், ஊரில் ஒரு சாவு, ஒரு சடங்கு இதில் சேர்க்கவில்லை.

லெவி என்பது வெளிநாட்டுத் தொழிலாளிக்காக மலேசிய அரசு வசூலிக்கும் வரி. அதை யார் கட்டுவது? 2009-ல் முதலாளி என்றார்கள். 2013-ல் தொழிலாளி என்றார்கள். 2018-ல் மறுபடி முதலாளி. 2000-களின் நடுவில் இன்னொன்றும் நடந்தது. ஃபேக்டரிகள் நேரடியாக ஆள் எடுக்காமல், ஆள் சப்ளை கம்பெனிகள் மூலம் எடுக்க அனுமதித்தார்கள். அந்தக் கம்பெனிகளே சட்டப்படி முதலாளி. ஃபேக்டரிக்குத் தேவை இல்லாவிட்டால் இன்னொரு ஃபேக்டரிக்கு ஆட்களை மாற்றிவிடும். கங்காணி போய்விட்டார், கங்காணியின் நாற்காலி போகவில்லை. துண்டு இருந்த இடத்தில் இப்போது பாஸ்போர்ட். மலேசியாவின் 1966-ஆம் ஆண்டுக் கடவுச்சீட்டுச் சட்டப்படி இன்னொருவரின் பாஸ்போர்ட்டை வைத்திருப்பது குற்றம். 'பத்திரமாக இருக்கட்டும்' என்று முதலாளியின் அலமாரியில் அவை பூட்டிக் கிடந்ததும் பலருக்கும் தெரிந்த சங்கதி.

மூணு வட்டிக்காரர் மதுரையில், சம்பளம் கொடுப்பவர் மலேசியாவில். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்ததே இல்லை. ஆனால் இரண்டு பேரும் சேர்ந்துதான் அவனைப் பிடித்து வைத்திருக்கிறார்கள். வேலை பிடிக்கவில்லை என்று திரும்பி வந்தால் வாசலில் வட்டிக்காரர் நிற்பார். அதனால் அடி வாங்கினாலும் அங்கேயே இருப்பான். பழைய கங்காணி கூட்டத்தோடு மலைக்குப் போனார், கூடவே கிடந்தார். புது ஏற்பாட்டில் கடன் கொடுத்தவர் ஊரைவிட்டு நகர வேண்டியதே இல்லை.

கிள்ளான், 2020

2020-ல் உலகத்தின் ரப்பர் கையுறைகளில் பாதிக்கு மேல் மலேசியாவில்தான் தயாராகின. கொரோனா வந்ததும் கையுறைக்குத் தட்டுப்பாடு. டாப் கிளவ் என்ற நிறுவனம் உலகின் மிகப்பெரிய கையுறைத் தயாரிப்பாளர். அந்த நிதியாண்டில் அதன் நிகர லாபம் 180 கோடி ரிங்கிட்டைத் தாண்டியது. அதே 2020 நவம்பரில் கிள்ளானில் இருந்த அதன் தொழிலாளர் விடுதிகளில் ஆயிரக்கணக்கானோருக்குத் தொற்று. ஓர் அறையில் அடுக்குக் கட்டில்களில் நெருக்கி அடுக்கப்பட்டிருந்த மனிதர்கள். பெரும்பாலோர் நேபாளிகள், வங்கதேசத்தவர். நம்மவர்கள் இந்தத் துறையில் சிறு பகுதிதான். ஆனால் ஏமாற்றும் முறைக்கு மொழி கிடையாது.

இதற்குச் சில மாதங்கள் முன்பு, 2020 ஜூலையில், அமெரிக்கச் சுங்கத்துறை கட்டாய உழைப்பு என்ற சந்தேகத்தில் அந்நிறுவனத்தின் கிளை நிறுவனங்களின் கையுறைகளைத் தடுத்து நிறுத்தியது. காரணங்களில் முக்கியமானது கடனில் சிக்கிய உழைப்பு. அதாவது டிக்கெட் காசு. அடுத்து நடந்தது கவனிக்க வேண்டியது. ஆள் பிடிக்கும் கட்டணமாகத் தொழிலாளிகள் ஊரில் கட்டிய பணத்தைத் தானே திருப்பிக் கொடுப்பதாக நிறுவனம் அறிவித்தது. சுமார் 13.6 கோடி ரிங்கிட். கொடுத்தபிறகு 2021 செப்டம்பரில் தடை நீங்கியது. வேறு சில கையுறை நிறுவனங்களும் இதேபோலத் திருப்பிக் கொடுத்தன.

இத்தனை வருஷமாக முடியாது, இது மார்க்கெட், இது ஏஜென்ட்டுக்கும் அவனுக்கும் உள்ள விஷயம் என்று சொல்லப்பட்ட ஒன்று, பெட்டிகள் துறைமுகத்தில் நின்றதும் சில மாதங்களில் முடிந்துவிட்டது. தொழில் உலகம் இதற்கு 'முதலாளியே செலுத்தும் கொள்கை' என்று பெயர் வைத்து, ஏதோ புதிய அறக் கண்டுபிடிப்புபோலக் கருத்தரங்கு நடத்துகிறது. அதே மலேயா மண்ணில், அதே ரப்பருக்காக, 1907-லேயே முதலாளிகள் தங்கள் லாபத்துக்காகச் செய்துகொண்ட ஏற்பாடு அது.

மண்டபம்

1964-ல் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தானது. 5,25,000 பேரை இந்தியா ஏற்றுக்கொள்ள வேண்டும். தாத்தா போன வழியில் பேரன்கள் திரும்பி வந்தார்கள். அவர்களை இறக்கிய இடம் மண்டபம் முகாம். 1983-க்குப் பிறகு போருக்குத் தப்பி வந்தவர்களுக்கும் அதே முகாம். இலங்கையிலிருந்து திரும்பியவர்களுக்காக இயங்கிய மறுவாழ்வுத் துறைதான் இன்று வெளிநாடுவாழ் தமிழர் நலனையும் சேர்த்துப் பார்க்கிறது. போகிறவர்களைக் கவனிக்கும் அலுவலகம், திரும்பி வந்தவர்களின் அலுவலகத்திலிருந்து வளர்ந்திருக்கிறது. போகும்போது யாரும் கவனிக்காததை, வந்தபிறகு கவனிக்க ஒரு துறை வேண்டியிருந்தது.

இப்போது மதுரையில் பாஸ்போர்ட் அலுவலகம் இருக்கிறது. மதுரை விமான நிலையத்திலிருந்து 2012 முதல் கொழும்புக்கே விமானம் போகிறது. ஏஜென்ட்டுக்கு உரிமம் உண்டா என்று மத்திய அரசின் இ-மைகிரேட் தளத்தில் ஐந்து நிமிடத்தில் பார்த்துவிடலாம். முறைப்படி அனுமதி பெற்றுப் போகிறவருக்குப் பிரவாசி பாரதிய பீமா காப்பீடு உண்டு, இறந்துபோனால் குடும்பத்துக்கு 10 லட்சம். டூரிஸ்ட் விசாவில் வேலைக்குப் போனவருக்கு அது கிடையாது. இந்தத் தகவல்கள் எல்லாம் இணையத்தில் இருக்கின்றன, பெரும்பாலும் ஆங்கிலத்தில்.

இதைப் படிக்கும் பலருடைய வீட்டிலும் ஒரு சித்தப்பா மகனோ, பள்ளிக்கூடத்தில் கடைசி பெஞ்சில் இருந்த ஒரு நண்பனோ, அந்த மஞ்சள் நோட்டீஸைப் போனில் படமெடுத்து அனுப்பி, "இது உண்மையா பாத்துச் சொல்லுடா" என்று கேட்டிருப்பான். நாம் பெரும்பாலும் கம்பெனி பெயரை கூகுளில் தேடுவோம், வெப்சைட் இருக்கிறதா என்று பார்ப்போம். அதோடு இன்னும் ஒன்றையும் அவனிடம் கேளுங்கள். டிக்கெட் யார் எடுக்கிறார்கள்? அவன்தான் எடுக்க வேண்டும் என்று பதில் வந்தால், கடன் யாரிடம், எத்தனை வட்டி, எத்தனை மாதம் என்று அவனோடு உட்கார்ந்து ஒரு தாளில் எழுதுங்கள். போகாதே என்று சொல்ல நமக்கு உரிமை இல்லை, நாமும் போனவர்கள்தான். ஆனால் அந்தத் தாள் அவன் கையில் இருக்க வேண்டும்.